மரவேர்களும் நிலத்தடி நீர்க்குழாய்களும்

கிணற்று ஜலத்தை மண் வாய்க்கால் வழியாக விடுங்கால், ஒரு பாகம் மண்ணிலே சுவறியும் ஒரு பாகம் வெயிலில் ஆவியாகியும் வீணாகின்றது. இதனைத் தவிர்க்கும்பொருட்டே தோட்டக்கால் விவசாயிகள் பலர் பூமிக்கடியில் குழாய் புதைத்து நீர் பாய்ச்சுகின்றனர். சில ஆண்டுகள் சென்றபின், பம்பு முன்போலவே ஓடியும் கடைசி மடைக்கு ஜலம் குறைந்து வருவதுண்டு. தோண்டிப் பார்க்கின், குழாயினுள் சடைபோல் வேர் அடைத்திருக்கக் காணலாம். உடனே, மரமே குழாயை உடைத்துவிட்டதென்று கருதி, பல்லாண்டு பயன் தந்த மரத்தை வெட்டிவிடுவோர் உண்டு. மூட்டு பழுதுபட்டவாறே இருப்பின், மரம் போயும் கசிவு நிற்பதில்லை. ஆகையால் கோடரி எடுக்குமுன் காரணத்தை அறிதல் அவசியம்.

வேரின் இயல்பு.— வேர் தன் நுனிக்குச் சற்றுப் பின்னுள்ள சிறு பாகத்தில் மாத்திரமே நீளுகின்றது. நுனியானது கடினமான பொருளைத் துளைப்பதில்லை. இளகிய மண்ணிலும் இடுக்குகளிலுமே வழி தேடிச் செல்கின்றது. ஈரத்தை உணர்வதும் அந்நுனியை அடுத்த பகுதியே. சார்லஸ் டார்வின் 1880-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நுனியில் கொழுப்புப் பூசப்பட்ட இளவேர்களிற் பெரும்பாலானவை ஈரத்தை நோக்கி வளையவில்லை என்று காட்டினார். ஆயினும் இவ்வுணர்ச்சி மிக அண்மையிலுள்ள ஈரத்திற்கே உரியது. நெடுந்தூரத்து ஜலத்தை மோப்பம் பிடித்து வேர் ஓடிவருகிறதென்பது தவறான எண்ணம்.

அடைப்பு உண்டாகும் விதம்.— வெடிப்பின்றி, மூட்டுகளும் இறுக்கமாயுள்ள குழாயினுள் வேர் புக வழியில்லை. மூட்டில் கசிவு ஏற்பட்டாலோ, அவ்விடத்து மண் கோடையிலும் ஈரமாயிருக்கும். அருகிலுள்ள வேர்கள் அங்கே கிளைத்துப் பெருகும். அவற்றுள் ஒன்று மயிரிழை போன்ற இடைவெளியில் நுழையும். உள்ளே ஜலமும், பம்பு நிற்கும் வேளைகளில் காற்றும் கிடைப்பதால், அது எண்ணிறந்த சல்லிவேர்களாகப் பிரிந்து, வண்டலையும் தடுத்து நிறுத்திக் குழாயை அடைக்கும். ஆகவே பெரும்பாலும் கசிவு முந்தியது, வேர் பிந்தியது.

இதற்கு விலக்கும் உண்டு. குழாயை ஒட்டிப் பருக்கும் வேர் அதனை நெம்பிப் பெயர்க்கக்கூடும். கரிசல் நிலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி இறங்குவதால் மூட்டுகள் விலகுவதுமுண்டு.

மரங்களுக்குள் வித்தியாசம்.— ஆல், அரசு, அத்தி, வேம்பு, தூங்குமூஞ்சி முதலியவற்றின் வேர்கள் வருஷந்தோறும் பருக்குந் தன்மையன. நுழைந்த வேர் பருக்கும்போது மூட்டு மேலும் பிளவுபடும். தென்னை, பனை, மூங்கில் இவற்றின் வேர்கள் அவ்வாறு ஆண்டுதோறும் பருப்பதில்லை. தென்னையின் வேர் ஏறக்குறைய விரற்பருமனோடு நின்றுவிடும். இவை குழாயைப் பிளப்பது அரிது. ஆனால் கசியும் மூட்டில் புகுந்து அடைக்கக்கூடும்.

சோதனை.— கோடையில் குழாய் செல்லும் வழியில் ஓரிடத்தில் மட்டும் புல் பசுமையாயிருப்பின் அங்கே கசிவு உண்டென்று ஐயுறலாம். மாலையில் எல்லா மடைகளையும் மூடி, குழாயிலும் தலைத்தொட்டியிலும் ஜலம் நிரப்பி, பம்பின் அருகேயுள்ள வால்வையும் அடைத்துவிட வேண்டும். தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் பார்க்க வேண்டும். மட்டம் நன்றாக இறங்கியிருப்பின் கசிவு உண்டு.

பழுது பார்த்தல்.— கசிவுள்ள இடத்தைத் தோண்டி, வேரை ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, உள்ளிருக்கும் சல்லிவேர்களை முழுதும் எடுத்தபின் மூட்டைப் புதிதாக அமைக்க வேண்டும். வேரை மட்டும் அகற்றி மூட்டை அப்படியே விடின், அறுபட்ட முனையிலிருந்து பல புதுவேர்கள் கிளைத்து மீண்டும் புகும். வேரைக் கொல்ல மயில்துத்தக் கரைசலைப் பாசனக் குழாயில் ஊற்றுதல் கூடாது. அது பயிருக்கும் மீனுக்கும் கேடு. அதிலுள்ள செம்பு மண்ணில் தங்கிச் சேரும். அடிமரத்தை ஒட்டிய பெருவேர்களை ஒரு பக்கமாக வெட்டினால் காற்றில் மரம் சாயலாம்.

புதிதாய்ப் புதைப்போர்க்கு.— மூட்டுகள் குறையக் குறைய அபாயமும் குறையும். 120 அடி தூரத்திற்கு 2 அடி நீளமுள்ள சுட்டமண் குழாய்கள் 60 வேண்டும். ஏறக்குறைய 20 அடி நீளமுள்ள பி.வி.சி. குழாய்கள் 6 போதும். மரத்தருகே மூட்டு வாராதபடி அமைப்பது நலம். ஒட்டுமுன் குழாய் முனைகளை மண்ணும் ஈரமுமின்றித் துடைத்து, பசையிட்டு, அது இறுகிய பிறகே ஜலம் விட வேண்டும். மண் மூடுமுன் நீர் நிரப்பிச் சோதித்தல் இன்றியமையாதது. வேர்கள் கிளைப்பரப்பின் எல்லையைக் கடந்தும் படர்வனவாதலால், ஆல், அரசு போன்றவற்றைக் குழாய் வழிக்கு நெடுந்தூரம் விலக்கியே நடுக.

ஒரு மரம் வளர இருபது முப்பது வருஷங்களாகும். ஒரு மூட்டைச் சீர்ப்படுத்த ஒரு நாள் போதும். ஆதலால் விவசாயிகள் முதலில் மூட்டைச் சோதித்து, அதன் பின்னரே மரத்தைப் பற்றி யோசிப்பார்களாக. கிணற்று நீரும் வீணாகாது. நிழலும் காய்ப்பும் நிலைத்திருக்கும்.