ஃபைலை மூடினால் குறை தீர்ந்துவிடுமா?

அணு உலைப் பாதுகாப்பைப் பற்றி இயற்கை வேளாண்மை இதழில் எதற்கு எழுதணும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் அடுக்கத்தில் காபியும் மிளகும் வைத்திருக்கிறவன். அதற்கு முன்னால் முப்பது வருஷத்துக்கும் மேல் வங்கி உத்தியோகம். இந்த இரண்டு வேலையிலும் அடிக்கடி கண்ணில் பட்ட ஒரு விஷயம், அணு உலையில் உயிர்ப் பிரச்சனையாக மாறுகிறது. பல பெரிய விபத்துகள் யாருக்கும் தெரியாமல் வந்தவை அல்ல. முன்கூட்டியே யாரோ பார்த்திருக்கிறார், சொல்லியிருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார். திருத்தம் மட்டும் நடக்கவில்லை.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. எங்களுக்கு மேலே கொடைக்கானலில், அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை 1980-களிலிருந்து ஓடியது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஆலைக்குக் கீழே பாம்பாறு சோலை. அதிலிருந்து இறங்குகிற தண்ணீர் கும்பக்கரை வழியாகச் சமவெளிக்குப் போகிறது. மேலே ஒருவர் தன் குறையைத் தானே சரிபார்த்துக்கொண்டால், கீழே இருக்கிற உழவனுக்கு என்ன ஆகும் என்று யோசிக்க இது ஒன்றே போதும்.

பாதுகாப்புப் பண்பாடு என்றால்

1986-ல் செர்னோபில் உலை வெடித்த பிறகு, சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் 'பாதுகாப்புப் பண்பாடு'. நல்ல இயந்திரமும் தடித்த விதிப்புத்தகமும் மட்டும் போதாது. மேலதிகாரி முதல் ஒப்பந்தத் தொழிலாளி வரை, 'இது சரியில்லையே' என்று தோன்றியதைப் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். சொன்னதை நிர்வாகம் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். உற்பத்தியா பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பு முன்னால் நிற்க வேண்டும்.

இந்தப் பண்பாட்டுக்கு எலும்புக்கூடு மாதிரி இருப்பது திருத்த நடவடிக்கை. அதில் ஐந்து படிகள். குறையை எழுதுவது, அது எவ்வளவு ஆபத்தானது என்று தரம் பிரிப்பது, மூல காரணத்தைக் கண்டுபிடிப்பது, கெடு வைத்துத் திருத்துவது, திருத்தியவர் அல்லாத இன்னொருவர் போய்ப் பார்த்துச் சரி என்று சொல்வது. கடைசிப் படி முடியாமல் ஃபைலை மூடக் கூடாது.

நம் மோட்டார் ரூமை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. தடித்த கம்பியாகப் போட்டுக் கட்டிவிட்டால் மோட்டார் ஓடும். குறை தீர்ந்ததா? எச்சரிக்கை செய்த ஆளை வாயைக் கட்டி உட்கார வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஒரு நாள் காயில் எரியும்போதுதான் விஷயம் தெரியும்.

கல்பாக்கம், 2003

கல்பாக்கத்தில் மின் நிலையத்தோடு, எரிந்து முடிந்த எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்யும் ஆலையும் இருக்கிறது. அது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் உள்ளது. 2003 ஜனவரி 21-ல், அங்கே ஒரு வால்வு பழுதானதால் அதிகக் கதிர்வீச்சுள்ள கழிவு, குறைந்த கதிர்வீச்சுக் கழிவுக்கான தொட்டிக்குள் வந்துவிட்டது. அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் மானி இல்லை. வால்வு பழுதானதை உணர்த்தும் ஏற்பாடும் இல்லை. ஆலை ஓட ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆகியிருந்த நேரம் அது. எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் ஆறு பணியாளர்கள், ஆண்டு வரம்பைப் போலப் பல மடங்கு கதிர்வீச்சை வாங்கியிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பணியாளர் சங்கம் சில நாட்களிலேயே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, பத்துப் பாதுகாப்புக் கோரிக்கைகளை வைத்தது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது அதில் ஒன்று. முந்தைய இரண்டு வருஷத்தில் இதே மாதிரி நடந்த இரண்டு சம்பவங்களையும் அந்தக் கடிதம் நினைவுபடுத்தியது. பதில் இல்லை. சில மாதம் கழித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்ற சிலருக்கு இடமாற்றம் வந்தது. செய்தி பத்திரிகைக்குப் போன பிறகுதான், ஆகஸ்ட் மாதம், இந்திய அணுத்துறையில் பணியாளர் கதிர்வீச்சுக்கு ஆளான சம்பவங்களில் இதுவே மிக மோசமானது என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அப்போதும் பணியாளர்களின் அவசரத்தையும் கதிர்வீச்சு அளக்கும் பட்டை அணியாததையும் காரணமாகச் சொன்னது.

மானி வைக்காத இடத்தில் பட்டை அணியாதவர் மேல் குற்றம். வால்வு பழுதாவது இயற்கை. முந்தைய இரண்டு சம்பவங்களிலிருந்து ஒன்றும் மாறாமல் இருந்ததுதான் பண்பாட்டுக் குறை.

நரோரா, 1993

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கிறது நரோரா அணுமின் நிலையம். 1993 மார்ச் 31 அதிகாலையில், டர்பைனின் இரண்டு பிளேடுகள் ஒடிந்தன. அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. அவசர மின்சாரத்துக்கான கேபிள்களும் தனித்தனியாகப் பிரித்துப் பாதுகாக்கப்படாததால் சேர்ந்தே எரிந்தன. நிலையமே இருட்டானது. பணியாளர்கள் கையில் டார்ச்சோடு உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, வால்வைக் கையால் திறந்து, போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள். பதினேழு மணி நேரம் மின்சாரம் இல்லை. கதிர்வீச்சு வெளியேறவில்லை, நல்ல வேளை. சர்வதேச அளவுகோலில், 7-க்கு 3 என்ற நிலையில் இந்த விபத்து வைக்கப்பட்டது.

இந்த வகை டர்பைனில் பிளேடு விரிசல் விடுகிறது, வடிவத்தை மாற்றுங்கள் என்று ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1989-லேயே பெல் நிறுவனத்துக்குச் சொல்லியிருந்தது. பெல் நிறுவனம் வரைபடமும் தயாரித்தது. பிளேடுகள் மாற்றப்பட்டது விபத்துக்குப் பிறகு. எச்சரிக்கைக்கும் விபத்துக்கும் நடுவே நான்கு வருஷம்.

ஓஹியோ, 2002

நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் உலையின் மூடியில் போரிக் அமிலம் கசிந்து படிந்துகொண்டே இருந்தது. கேரம் போர்டில் தூவுகிறோமே, அதே பொருள்தான். உலைக் கட்டடத்துக் காற்றை வடிகட்டும் ஃபில்டர்களில் துருத் தூள் அடைத்தது. மாதம் ஒரு தரம் மாற்றின ஃபில்டரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டி வந்தது. மாற்றினார்கள். துரு எங்கிருந்து வருகிறது என்று கடைசி வரை போய்ப் பார்க்கவில்லை.

2001 முடிவதற்குள் சோதனை செய்யச் சொன்ன ஒழுங்குமுறை ஆணையமும், 2002 பிப்ரவரி நடுப்பகுதி வரை தவணை கொடுத்தது. திறந்து பார்த்தால், ஆறு அங்குலத்துக்கும் மேல் தடிமனான எஃகு அரிக்கப்பட்டு ஓட்டையாகி, உள்பக்கம் சுமார் ஒரு சென்டிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டும் மிச்சம். உள்ளே இருந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் தகடுதான்.

நிலையம் இரண்டு வருஷம் மூடிக் கிடந்தது. 2005-ல் 54.5 லட்சம் டாலர் அபராதம், 2006-ல் நீதித்துறை வழக்கில் 2.8 கோடி டாலர். திரும்ப ஓட அனுமதித்தபோது, பாதுகாப்புப் பண்பாட்டையும் திருத்த நடவடிக்கைகளையும் வெளியாட்கள் வருஷா வருஷம் மதிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையும் போட்டார்கள்.

சொட்டுநீர் வைத்திருக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஃபில்டரைத் தினமும் கழுவுவது பராமரிப்பு. கிணற்றுச் சுவர் எங்கே சரிகிறது என்று பார்ப்பதுதான் திருத்தம்.

யார் சரிபார்ப்பது?

வங்கியில் ஆடிட்டர் எழுதும் ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில்களில் இரண்டு வகை உண்டு. 'சரிசெய்யப்பட்டது' ஒன்று. 'எதிர்காலத்துக்காகக் குறித்துக்கொள்ளப்பட்டது' இன்னொன்று. இரண்டாவதற்கு, ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். அதனால்தான் அடுத்த ஆடிட்டில் வேறு ஆள் வந்து பழைய ரிப்போர்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறார். கிளை மேனேஜரே தன் கிளைக்கு ஆடிட்டர் ஆக முடியாது.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் அமைந்தது. கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலை உள்பட பாபா மையத்தின் நிறுவனங்கள் 2000-ஆம் ஆண்டில் அதன் பார்வையிலிருந்து விலக்கப்பட்டு, மையத்தின் சொந்தக் குழுவிடம் போயின. மூன்று வருஷத்தில் மேலே சொன்ன விபத்து. 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, வாரியத்துக்குப் போதுமான சுதந்திரம் இல்லை என்று சொன்னது. அப்போதைய சட்டப்படி விதிக்க முடிந்த அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்தான் என்பதையும் எடுத்துக்காட்டியது. டிராக்டர் டயருக்குப் பஞ்சர் போடும் செலவு.

நாம் கேட்க வேண்டியவை

கல்பாக்கம், கூடங்குளம் பக்கம் இருக்கிற உழவர்களும் மீனவர்களும் 'பாதுகாப்பா, இல்லையா?' என்று கேட்டால், 'முழுப் பாதுகாப்பு' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

1. போன வருஷம் எத்தனை குறைகள் எழுதப்பட்டன? எத்தனை இன்னும் நிலுவையில் இருக்கின்றன?
2. நிலுவையில் மிகப் பழையது எது? ஏன்?
3. மூடிய குறைகளில், திரும்ப வந்தவை எவை?
4. சரியாகிவிட்டது என்று சான்று கொடுத்தது யார்? அவர் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார்?
5. குறையை முதலில் சொன்ன பணியாளர் இப்போது எங்கே இருக்கிறார்?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சொன்னவருக்கு இடமாற்றம் என்றால், அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

இதே கேள்விகள் நமக்கும் பொருந்தும். பி.ஜி.எஸ். குழுவில் ஒருவர் தோட்டத்தை இன்னொருவர் பார்க்கிறோம். 'பக்கத்துத் தோட்டத்து மருந்து அடிக்காமல் இருக்க வரப்போரம் தடுப்புப் பயிர் போதவில்லை' என்று எழுதுகிறோம். அடுத்த வருஷப் படிவத்திலும் அதே வரி இருந்தால், பார்த்தவர் சொந்தக்காரர், நண்பர் என்று விட்டுவிடக் கூடாது. குறையைச் சொன்னவரைப் பகையாளியாக நினைக்கவும் கூடாது. நம் விளைச்சலை நம்பி வாங்குகிற வீட்டுக்காரர், அந்தப் படிவத்தைப் பார்க்கப் போவதில்லை. அவருக்காகப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

உங்கள் குழுவின் போன வருஷப் படிவங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்க. திருத்தப்படாத வரி ஒன்றாவது இருந்தால், அடுத்த கூட்டத்தை அதிலிருந்து ஆரம்பியுங்கள்.