தனிப்பாட்டும் தொடர்நிலையும்



வெலிமடைக்குச் சமீபமாக உள்ள தோட்டமொன்றில், காமன் கூத்து ஆட்டுவிக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். இரதி புலம்பலை அவர் பாடத் தொடங்கினால் லயத்துக் கோடியில் நிற்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர் சிலர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு அவரிடம் வந்தனர். "அந்தப் புலம்பல மட்டும் பாடித் தாங்க தாத்தா. இணையத்தில வித்து உங்களுக்கும் பங்கு தாறோம்" என்று கேட்டனர். கூத்தை முழுதாக எடுப்பதானால் வாருங்கள் என்று சொல்லி அவர் அனுப்பிவிட்டார். காசு வருகிற காரியத்தை ஏன் விட்டீர்கள் என்று பின்னர் நான் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது:

"கலியாணம் கட்டி வைக்காமலே தாலிய அறுக்கச் சொல்றாங்க மாஸ்டர்."

முதியவர் ஒரே வாக்கியத்தில் முடித்த இதே வழக்கை, இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்குழு ஒன்று 2010 ஆம் ஆண்டில் இலண்டன் மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணிகளை அமர்த்தி வாதாட நேர்ந்தது. ஒரு கோவையாக அமைந்த பாட்டுகளைப் பிரித்துத் தனித்தனியே விற்கலாமா? அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இன்றைய உரையில் இவ்வினாக்களை நோக்குவோம். இவற்றுக்கு விளக்கம் தேட நமது பழைய அணியிலக்கண நூலொன்றே துணைசெய்யும் என்பது தமிழ் படிப்போர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

முதலில் இச்சிக்கல் எழுந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 2003 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் திகதி அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் ஐரியூன்ஸ் என்னும் இசைக்கடையை இணையத்தில் திறந்தது. அங்கே இசைத்தட்டும் இல்லை, ஒலிநாடாவும் இல்லை. வேண்டிய பாட்டைத் தெரிந்து, 99 அமெரிக்கச் சதம் கொடுத்துக் கணினிக்குத் தரவிறக்கிக்கொள்ள முடிந்தது. முதல் வாரத்திலேயே 10 இலட்சம் பாட்டுகள் விலைப்பட்டன. பத்துப் பாட்டுள்ள தொகுப்பில் இரண்டு பாட்டை மட்டும் விரும்புகிறவர், மற்ற எட்டுக்கும் காசு கொடுக்க வேண்டிய தேவை ஒழிந்தது.

கேட்போர் மகிழ்ந்தனர். இசைஞர் பலர் மகிழவில்லை. றேடியோஹெட் என்னும் இங்கிலாந்துக் குழுவின் பாட்டுகள் 2008 வரையில் அக்கடைக்குச் செல்லவில்லை. ஏ.சி./டி.சி. என்னும் அவுஸ்திரேலியக் குழு 2012 நவம்பர் வரையில் மறுத்தே வந்தது. தாங்கள் ஆக்குவது முழுத் தொகுப்பே, தனிப்பாட்டல்ல என்பது அவர்களது வாதம். இவர்கள் விலகி நின்றார்கள். நீதிமன்றம் வரை போனவர்கள் பிங்க் புளொய்ட் குழுவினர்.

இக்குழு 1973 இல் வெளியிட்ட 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' என்னும் இசைத்தொகுப்பு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் இடம்பெற்ற பெருமையுடையது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஓர் இதயத் துடிப்பின் ஒலியுடன் அது தொடங்குகிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் உள்ள பாட்டுகள் இடைவெளியின்றி ஒன்றினுள் ஒன்று கலந்து செல்கின்றன. காலம், பணம், மரணம், மனப்பிறழ்வு என்று மனித வாழ்வின் சுமைகளைத் தொட்டுச் சென்று, இறுதியில் அதே இதயத் துடிப்பில் வந்து முடிகிறது. ஈற்றடி முதலடியைச் சென்று தொடும் இந்த அமைதியை நாம் அந்தாதி என்போம். மண்டலித்து முடியும் அந்தாதி நூலொன்றை வாங்கிய வியாபாரி, நடுவிலுள்ள ஏழாம் பாட்டைக் கிழித்து விற்றால் புலவர் மனம் எப்படியிருக்கும்?

அக்குழு தனது பாட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்துடன், இணைய இசைக்கடைகள் பரவுவதற்கு முன்பே ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. குழுவின் சம்மதமின்றித் தொகுப்புகளைப் பிரித்து விற்கலாகாது என்பது அதிலுள்ள ஒரு நிபந்தனை. நிறுவனமோ இணையத்தில் பாட்டுகளைத் தனித்தனியே விற்கலாயிற்று. ஒப்பந்தத்தில் 'றெக்கோட்' என்றுதானே எழுதியிருக்கிறது, அச்சொல் கையால் தொடக்கூடிய தட்டைத்தானே குறிக்கும், இணையத்தில் தட்டு ஏது என்று நிறுவனத்தார் வாதிட்டனர். ஒரு சொல்லின் பொருளை வைத்து நடந்த இந்த வழக்கு நமது உரையாசிரியர்களுக்கு மிகவும் பிடித்திருக்கும்! 2010 மார்ச் 11 ஆம் திகதி நீதிபதி சேர் அன்ட்ரூ மொறிற் குழுவின் பக்கமே தீர்ப்பளித்தார். தொகுப்பின் கலையொருமையைக் காப்பதே அந்நிபந்தனையின் நோக்கம், அது தட்டுக்கும் பொருந்தும், இணையத்துக்கும் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம்.

இனி நம் இலக்கணத்துக்கு வருவோம். தண்டியலங்காரம் செய்யுளை நான்கு வகையாகப் பகுக்கிறது. தனியே நின்று பொருள் முற்றுவது முத்தகம். பல பாட்டாய் வந்து ஒரு வினைகொண்டு முடிவது குளகம். தனித்தனிப் பாட்டுகளைப் பாடியோர், பொருள், இடம், காலம், அளவு முதலிய ஏதேனும் ஒரு வகையால் சேர்த்துவைப்பது தொகைநிலை. பொருளாலோ சொல்லாலோ ஒன்றையொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை. குறுந்தொகையிலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பாடினால் அதற்குக் குறைவு ஒன்றுமில்லை. அது பிறந்தபோதே தனியாகப் பிறந்தது. பின்னர் வந்த ஒருவர் அதனைப் பிறவற்றோடு சேர்த்து வைத்தார். ஆனால் தொடர்நிலையில் பாட்டின் பொருளிற் பாதி அது நிற்கும் இடத்திலே இருக்கிறது.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியை நினைத்துப் பாருங்கள். தனியே எடுத்துப் பாடினால் அது கடலையும் காவிரியையும் காதலையும் பாடும் இனிய இசைப்பாட்டு. அதன் இடத்தில் வைத்துக் கேட்டாலோ, மாதவி பாடிய பாட்டைக் கோவலன் வேறாகப் பொருள்கொள்ள, இருவர் வாழ்வு பிரிந்து, கடைசியில் மதுரை எரிவதற்கு வழிவிட்ட பாட்டு அது. எழுத்து மாறவில்லை, இசை மாறவில்லை. இடம் போனதும் பொருள் போய்விடுகிறது.

ஆகவே இசைஞரின் வழக்கை நம் மொழியிற் சொன்னால் இவ்வாறு அமையும். "நாங்கள் தந்தது தொடர்நிலை. வியாபாரி அதனைத் தொகைநிலையாகக் கருதிப் பிரிக்கிறான்." தமிழில் 'அல்பம்' என்பதை நாம் 'இசைத்தொகுப்பு' என்று எழுதுகிறோம். நான்கூட இவ்வுரையில் அவ்வாறே சொல்லிவந்தேன். யோசித்துப் பார்த்தால், அச்சொல்லே வியாபாரியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. இந்த 'அல்பம்' என்பதே தெய்வம் வகுத்த வடிவமன்று. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடமே ஓடும். மணிக்கணக்கில் இராகம் பாடிய வித்துவான்கள் அந்த நிமிடங்களுக்குள் தம்மைச் சுருக்கிக்கொண்டு பாட வேண்டியதாயிற்று. 1948 இல் கொலம்பியா நிறுவனம், பக்கமொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நீண்ட இசைத்தட்டைக் கொண்டுவந்தது. அந்த நீளம் கிடைத்த பின்னரே பிங்க் புளொய்ட் போன்றோர் அதனை நிரப்பும் பெருங்கோவைகளைச் செய்தனர். கருவி தந்த வடிவத்தை வேறொரு கருவி கலைக்கிறது என்றும் சொல்லலாம். எல்லாத் தொகுப்பும் தொடர்நிலையுமன்று. இரண்டு நல்ல பாட்டோடு எட்டுச் சப்பைப் பாட்டைச் சேர்த்து முழு விலைக்கு விற்றவர்களும் உண்டு. கலையொருமை பற்றிய பேச்சினுள்ளே வருமானக் கவலையும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாடுகிறவரும் சாப்பிடத்தானே வேண்டும்.

நம்மூர் அனுபவத்தையும் எண்ணிப் பாருங்கள். 1980களிலும் 90களிலும் நகரத்து ரெக்கோடிங் பாருக்குப் போய், படம் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெறும் கசெற்றில் பதிவுசெய்து வாங்கியவர்கள் நாங்கள். தோட்டத்துச் சம்பளத்தில் படத்துக்கு ஒரு கசெற் வாங்க எவருக்கு ஏலும்? அந்தப் பன்னிரண்டு பாட்டே எங்கள் இளமைக்காலத்துச் செல்வம். வானொலியும் தன் பங்குக்கு, நேயர் விருப்பம் என்று தனித்தனிப் பாட்டாகவே நமக்கு ஊட்டியது. வானொலியிலே நின்றுகொண்டு தனிப்பாட்டைக் குறைகூறினால் அது நன்றியன்று.

வழக்கில் வென்ற பிங்க் புளொய்ட் குழுவும் பத்து மாதங்களில், 2011 ஜனவரியில், ஈ.எம்.ஐ. நிறுவனத்துடன் புதிய உடன்பாட்டுக்கு வந்து, பாட்டுகளைத் தனித்தனியே விற்கச் சம்மதித்தது. அப்படியானால் அவ்வழக்கு வீண்தானா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முன்பு நிறுவனம் கேளாமற் பிரித்தது. பின்பு கேட்டுப் பிரித்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. பின்னாளில் தரவிறக்கமும் தேய்ந்து, இணையத்திலே நேரடியாகக் கேட்கும் பழக்கம் வந்தது. அப்போதும் இக்குரல் ஓயவில்லை. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஸ்பொட்டிஃபை நிறுவனம் அல்பங்களின் பக்கத்தில் முதன்மையாக இருந்த, பாட்டின் ஒழுங்கைக் குலைத்து ஒலிக்கச் செய்யும் பொத்தானை அகற்றிற்று. ஒழுங்கு குலைத்துக் கேட்க விரும்புவோர்க்கு வழி இன்னும் உண்டு. ஆனால் முதலில் வருவது ஆக்கியவர் வைத்த ஒழுங்கு.

இங்கு நமது முதியவரிடம் மீள்வோம். காமன் கூத்து மாசி மாதத்தில் காமன் ஊன்றி, காப்புக் கட்டி, நாட்கணக்காக நடப்பது. இரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். சிவன் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை இரதி தடுப்பாள். அவன் கேளாமற் போய் எரிவான். அதன் பிறகே புலம்பல். ஊரே கூடிக் கலியாணம் செய்துவைத்த பெண் அல்லவா அழுகிறாள்? அதனால்தான் ஊரும் அழுகிறது. தண்டியார் சொன்ன பொருள் தொடர்நிலைக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

முதியவர் விற்க மறுத்த அந்தப் புலம்பல், அடுத்த மாசியில் கூத்து நடந்த இரவில் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் பதிவாகி, ஊர் ஊராகப் போய்விட்டது. பாடியவர் பெயரில்லை, தோட்டத்தின் பெயரில்லை. அவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. "பாட்டு போகட்டும் மாஸ்டர். ஊரு பேரு இல்லாம போகுதே, அதுதான் கவலை" என்றார். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் தன் பெயரைக் கோரும் உரிமையையும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் ஏற்கிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. சட்டப் புத்தகத்தில் இருப்பது லயத்து வாசல் வரை வந்து சேரவில்லை, அவ்வளவே.

அந்தப் பதிவை எனது வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் கொண்டுவந்து ஒலிக்கவிட்டாள். கேட்டு முடித்ததும் என்னைப் பார்த்து, "இதில செத்துப்போனது யாரு சேர்?" என்று கேட்டாள். தோட்டத்திலே பிறந்த பிள்ளை. அவள் ஊரில் கூத்து நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. அன்று பாடத்தை நிறுத்திவிட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னேன். பாடியவர் யார், எந்தத் தோட்டம் என்பதையும் சொன்னேன். அடுத்த மாசியில் அவள் தன் தாயோடும் தோழியரோடும் அந்த முதியவரின் கூத்துக்களத்துக்கு வந்திருந்தாள். ஊர் பேர் இல்லாமற் போன அந்த ஒற்றைப் பாட்டுத்தான் அவளை அங்கே அழைத்து வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் வந்து பார்ப்பதற்கு, முழுக் கூத்தை விடாது ஆட்டுவிக்கும் ஒருவர் அங்கே இருந்தார்.

தனிப்பாட்டைக் கேளுங்கள், நேயர்களே. அதைப் பாடியவர் பெயரையும் கேளுங்கள். அதற்கு முன்னே என்ன நடந்தது என்றும் ஒருமுறை கேளுங்கள்.