நீப்பர் நதிக்கரையில் ஒரு சுவீடிஷ் கிராமம்

உக்ரேன் யுத்தச் செய்திகளில் கெர்சன் என்ற பெயரை 2022 ஆம் ஆண்டு முதல் நாம் அடிக்கடி கேட்டு வருகின்றோம். அம்மாகாணத்தின் பெரிஸ்லாவ் நகருக்கு அண்மையில், நீப்பர் நதியின் வலது கரையில் ஸ்மியிவ்கா என்றொரு கிராமம் உள்ளது. அதன் ஒரு பகுதியில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக சுவீடிஷ் மொழி பேசப்பட்டு வந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அம்மொழி பேசிய மக்கள் இன்றைய எஸ்தோனியாவிலுள்ள டாகோ தீவைச் சேர்ந்த விவசாயிகள். சுவீடனிடமிருந்து தீவு ரஷ்யாவின் கைக்கு மாறிய பின்னர், தாம் சுதந்திரக் குடிகள் என்ற அவர்களது கோரிக்கைக்கும் நிலப்பிரபுவின் உரிமைகோரலுக்கும் இடையே நீண்டகாலப் பிணக்கு நிலவியது. அதேவேளை, 1774 ஆம் ஆண்டு உதுமானியப் பேரரசுடன் உடன்படிக்கை செய்துகொண்ட ரஷ்யா, தெற்குப் புல்வெளிகளில் குடியேற்றங்களை அமைக்க முற்பட்டிருந்தது. பேரரசி இரண்டாம் கத்தரீனின் ஆணைப்படி 1781 ஆகஸ்டில் சுமார் ஆயிரம் பேர் தீவை விட்டுப் புறப்பட்டனர். 1,500 கிலோமீற்றருக்கும் அதிகமான அப்பயணத்தின் நடுவே பனிக்காலம் குறுக்கிட்டது. 1782 மே மாதம் நீப்பர் கரையை அடைந்தவர்கள் ஏறக்குறைய அரைவாசிப் பேரே.

அங்கே அவர்களுக்காக வீடுகள் கட்டப்பட்டிருக்கவில்லை. மறுவருடம் 135 பேர் மட்டுமே எஞ்சியதாகப் பதிவுகள் கூறுகின்றன. நிலம் தருவதாகக் கூறி அழைப்பவர்கள், அந்நிலத்தில் முதல் ஆண்டை எவ்வாறு கடப்பது என்பதைச் சொல்வதில்லை போலும்.

எனினும் கிராமம் அழியவில்லை. பழைய சுவீடிஷ் கிராமம் எனத் தம் மொழியில் பெயரிட்டு, மீன் பிடித்தும் பயிர் செய்தும் வாழ்ந்தனர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகே ஜேர்மன் கிராமங்கள் தோன்றின. அவற்றில் ஒன்றின் பெயருக்குப் பாம்பூர் என்று பொருள். ஸ்மியிவ்கா என்பதும் பாம்பைக் குறிக்கும் உக்ரேனியச் சொல்லிலிருந்து வந்ததே. 1885 இல் சுவீடிஷ் மக்கள் கட்டிய தேவாலயம் இன்று ஓர்த்தடொக்ஸ் வழிபாட்டிடமாகும்.

சோவியத் ஆட்சியில் பஞ்சமும் நெருக்குதலும் அதிகரிக்கவே, சுமார் 900 பேர் 1929 ஆகஸ்ட் முதலாம் திகதி சுவீடனின் ட்ரெல்லெபோர்க் துறைமுகத்தில் வந்திறங்கினர். மூதாதையரின் நாடு அனைவருக்கும் தாயகமாக அமைந்துவிடவில்லை. பலர் கோட்லாந்து தீவில் வேரூன்றினர். பண்ணைகளில் சிதறடிக்கப்பட்ட வேறு சிலர் மனம் வெறுத்தனர். சுமார் 250 பேர் 1931 இல் நீப்பர் கரைக்கே திரும்பினர். அவர்களை 1932 - 33 ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் எதிர்கொண்டது. பின்னர் 1937 - 38 கைதுகளில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1943 இல் பின்வாங்கிய ஜேர்மன் படைகள் எஞ்சியோரையும் மேற்கே கொண்டு சென்றன. அவர்களில் ஒரு பகுதியினரை யுத்தத்தின் பின் சோவியத் அதிகாரிகள் பிடித்துத் தொழில் முகாம்களுக்கு அனுப்பினர். முகாமிலிருந்து மீண்டவர்களும் தெரிவுசெய்தது அதே நதிக்கரையைத்தான். 2008 இல் சுவீடன் மன்னர் கார்ல் குஸ்தாவ் அங்கு சென்றபோது, பழைய பேச்சுவழக்கை அறிந்திருந்தோர் சில முதியவர்களே.

1956 இல் ககோவ்கா அணையினால் நீப்பர் அங்கே பெரும் நீர்த்தேக்கமாக விரிந்தது. 2022 இல் மாதக்கணக்கில் ரஷ்யப் படைகளின் பிடியில் இருந்த அப்பகுதி நவம்பரில் மீட்கப்பட்டபோதும், மறுகரையிலிருந்து ஷெல் வீச்சுத் தொடர்ந்தது. 2023 ஜூன் 6 ஆம் திகதி அணை தகர்க்கப்பட்டது. நீர் வடிந்தபோது, அறுபத்தேழு ஆண்டுகளின் பின் பழைய நதிப்படுகை வெளியே தெரிந்தது. அதில் இப்போது வில்லோ மரங்கள் அடர்ந்து வளர்கின்றன.