தனி டம்ளர் வைத்தால் என்ன தண்டனை? சட்டம் மாறி வந்த கதை

டீக்கடைக்குப் போகிறீர்கள். எல்லோருக்கும் ஒரு டம்ளர், உங்களுக்கு மட்டும் தனி டம்ளர். புகார் கொடுக்கப் போனால், "சின்ன விஷயம்தானே, பேசி முடிச்சுக்கோங்க" என்று சொல்கிறார்கள். இப்படிச் சமாதானம் பேச சட்டத்தில் இடம் இருக்கா? ஒரு காலத்தில் இருந்தது. இன்று இல்லை. நடுவில் என்ன மாறியது? வாங்க, வரிசையாகப் பார்ப்போம்.

1950: உரிமை வந்தது

அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றது. ஆனால் எவ்வளவு தண்டனை என்று அதில் இல்லை. அதற்குத் தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

1955: தண்டனை வந்தது

தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தது. ஹோட்டலில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றமானது. ஆனால் அபராதம் மட்டும் கட்டிவிட்டுத் தப்பிக்க வழி இருந்தது. கோர்ட் அனுமதியோடு சமரசமும் செய்துகொள்ளலாம். ஊரில் பலம் யாரிடம் இருக்கிறதோ, சமரசம் அவர்கள் பக்கம்தானே சாயும்?

1976: சமரசம் போனது

இந்தத் திருத்தம் சட்டத்தின் பெயரையே மாற்றியது. நாம் 'பி.சி.ஆர். சட்டம்' என்று சொல்லும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதுதான். குறைந்தது ஒரு மாதச் சிறை, கூடவே அபராதம் என்றானது. சமரசம் செய்யும் வழி அடைக்கப்பட்டது. வேண்டுமென்றே விசாரிக்காமல் விடும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தை என்றானது.

1989 முதல் 2015 வரை: சட்டம் விரிந்தது

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. 2015-ல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. பொது இடத்தில் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் இதன் கீழ் வந்தது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு தருவதற்கென்றே தனி அத்தியாயமும் சேர்க்கப்பட்டது.

2018: "முதல்ல விசாரிக்கிறோம்" என்பது போனது

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு மேலதிகாரி ஒப்புதல் வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைதுக்கு ஒப்புதலும் தேவையில்லை என்கிறது இந்தப் பிரிவு. 2020-ல் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்றது. ஆனால் புகாரில் முகாந்திரமே இல்லை என்றால் முன்ஜாமீன் கேட்கலாம்.

அரசியலமைப்பும் சும்மா இருக்கவில்லை. 1990-ன் 65-வது திருத்தம் எஸ்.சி., எஸ்.டி. தேசிய ஆணையத்துக்கு அரசியலமைப்பு அந்தஸ்து கொடுத்தது. 2003-ன் 89-வது திருத்தம் அதை இரண்டு தனி ஆணையங்களாகப் பிரித்தது. போலீஸ் ஸ்டேஷனில் வேலை நடக்கவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு கதவு அது.

நீங்கள் செய்ய வேண்டியது

• வாய்மொழியாகப் புகார் சொன்னால், எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே கையெழுத்துப் போடுங்கள்.
• எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.
• பதிவு செய்ய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள்.
• வன்கொடுமை தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566. இலவசச் சட்ட உதவிக்கு 15100. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் இந்த உதவியைப் பெற வருமான வரம்பு கிடையாது.

ஒவ்வொரு திருத்தமும், புகார் எங்கோ சிக்கி நின்ற ஓர் இடத்தைப் பார்த்துப் போட்டது. அடுத்த முறை யாராவது "பேசி முடிச்சுக்கோங்க" என்றால், அந்த வழி 1976-லேயே மூடியாச்சு என்று தயங்காமல் சொல்லுங்கள்.