பாலத்துக்கு மேலேயா, கீழேயா?

'இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்' என்று செல்போனுக்குள்ளிருந்து சொல்கிற மேப் அம்மணி மீது புகார் இல்லாத டிரைவர் சென்னையில் கிடையாது. கத்திப்பாரா மேம்பாலத்தில் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாம் பாலத்துக்கு மேலே போய்க்கொண்டிருப்போம். அம்மணி கீழே இருக்கிற ரோட்டில் திரும்பச் சொல்வார். திரும்பினால் நேராக சிவலோகம்தான்! ஜி.எஸ்.டி. சாலையிலோ, நாம் சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருப்போம். அவர் கணக்கில் மெயின் ரோட்டில் பறந்துகொண்டிருப்போம்.

திட்டுவதற்கு முன்னால் அம்மணியின் கஷ்டத்தையும் கொஞ்சம் கேட்டுவிடலாம். (நான் பி.காம். விஞ்ஞானம் எனக்கு தூரத்துச் சொந்தம். ஆகவே எனக்கே புரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன். தைரியமாகப் படிக்கலாம்.)

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் முப்பது சொச்சம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம். 'இப்போது மணி இத்தனை, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அவற்றின் உத்தியோகம். அந்தச் சேதி நம் போனுக்கு வந்து சேர ஆன நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்குப் போடலாம். நாலு சாட்டிலைட்டின் தூரம் கிடைத்துவிட்டால் நாம் நிற்கிற இடம் கிடைத்துவிடும்.

கேட்க சுலபம். ஆனால் ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் போதும், 300 மீட்டர் அவுட்! தி.நகர் துணிக்கடையில் நிற்பவரை மாம்பலம் பிளாட்பாரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இந்த லட்சணத்தில், 2000-ம் ஆண்டு வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து வைத்திருந்தது. எதிரிகள் உபயோகித்துவிடக் கூடாதாம். அந்த வருடம் மே மாதம் அதிபர் கிளின்டன் அதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் காரில் வழி பார்ப்பதற்கு ஜி.பி.எஸ். லாயக்கானது. இன்றைக்கு திறந்த வெளியில் ஒரு சாதாரண போன் சுமார் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

ஐந்து மீட்டர்தானே, அதனால் என்ன என்கிறீர்களா? நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே மூன்றரை மீட்டர்தான். மெயின் ரோட்டுக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவே ஒரு சுவரும் நாலு அரளிச் செடியும்தான். அந்த ஐந்து மீட்டருக்குள் மொத்தக் குடித்தனமும் அடங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு கூத்து. கிடைத்த புள்ளி ரோட்டின் மேல் சரியாக விழாவிட்டால், பக்கத்தில் எந்த ரோடு இருக்கிறதோ அதில் நம் காரைத் தூக்கி வைத்துவிடுகிறது மேப். எனக்கு இது நன்றாகப் புரிகிறது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது, உதைக்கிற தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு மூடுவோமே, அதே வித்தை! மேலுக்கு எல்லாம் டேலி. உள்ளே தப்பு அப்படியே இருக்கும்.

உயரமான கட்டடங்கள் நிறைந்த இடத்தில் சிக்னல் நேராக வராமல் சுவரில் மோதி, சுற்றிக்கொண்டு வருகிறது. சுற்றி வந்த தூரத்தையும் போன் சேர்த்து எண்ணிவிடும். நாம் அண்ணா சாலையில் இருக்க, நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குப் போவது இதனால்தான். மேம்பாலத்து விவகாரத்துக்குக் காரணம் வேறு. சாட்டிலைட்டுகள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான்; காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. அதனால் உயரத்தைக் கணிப்பதில் எப்போதுமே தப்பு ஜாஸ்தி. பாலத்து மேலா, கீழா என்பது அம்மணிக்கு பல சமயம் நிஜமாகவே தெரியாது. 2024 ஜூலையில் கூகுள் மேப்ஸ் இந்திய நகரங்களில் 'மேம்பாலத்தில் ஏறுங்கள்' என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தது. அதுவும் ஏறச் சொல்லும் யோசனைதான். நாம் ஏறிவிட்டோமா என்பதற்கு காரன்டி இல்லை.

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது.

இடம்: சட்டைப் பை, கியர் பக்கத்துப் பள்ளம், சீட்டுக்கு அடியில்... இங்கெல்லாம் போனை வைத்துவிட்டு சிக்னலைக் குறை சொல்லக் கூடாது. ஒரு குண்டு பல்பு அளவு பவரோடு இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிற சிக்னல் அது. கண்ணாடிக்குப் பக்கத்தில், வானம் பார்க்கிற மாதிரி ஸ்டாண்டில் வையுங்கள். சில கார்களில் வெயிலைத் தடுக்க கண்ணாடியிலேயே உலோகப் பூச்சு இருக்கும். அது சிக்னலையும் தடுக்கும். காருக்கே ஜி.பி.எஸ். ஆன்டெனா இருந்து, போனைக் காரோடு இணைக்க வழியும் இருந்தால், இணைத்துப் பாருங்கள்.

செட்டிங்: 'லொகேஷன் அக்யூரஸி' ஆன். மேப்புக்கு 'ப்ரிசைஸ் லொகேஷன்' அனுமதி. 'பேட்டரி சேவர்' ஆஃப். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று இருந்தால் பெட்ரோலில் போய்விடும்.

கிளம்பும் நேரம்: அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலிருந்து வெளியே வந்த கையோடு பறக்காதீர்கள். திறந்த இடத்தில் அரை நிமிடம், டேட்டாவை ஆன் செய்து நில்லுங்கள். எந்த சாட்டிலைட் எங்கே என்கிற விவரத்தை போன் நெட் மூலம் சட்டென்று வாங்கிவிடும். அந்த முழு விவரத்தையும் வானத்திலிருந்தே வாங்க வேண்டுமானால் பன்னிரண்டரை நிமிடம் ஆகும்!

திசைகாட்டி: வண்டி நிற்கும்போது அம்புக்குறி பேயாட்டம் ஆடினால் காந்தம் காரணமாக இருக்கலாம். காந்த ஸ்டாண்ட், காந்த மூடி வைத்த கவர் இவற்றைக் கழற்றிவிட்டு, போனைக் கையில் பிடித்து காற்றில் எட்டு போடுங்கள். (ஆர்.டி.ஓ. ஆபீசில் போட்டதைவிட சுலபம்.) வண்டி நகர ஆரம்பித்தால் திசை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

புதுப் போன் வாங்கும்போது: 'எல்1, எல்5 டூயல் ஃப்ரீக்வென்சி' இருக்கிறதா என்று கேளுங்கள். சுவரில் மோதி வருகிற சிக்னலை எல்5 வைத்துப் பிரித்தறிவது சுலபம். நம் இஸ்ரோவின் 'நாவிக்' இருந்தால் இன்னும் விசேஷம். 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய என்.வி.எஸ்.-01 சாட்டிலைட்டில் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் போனது.

'ஜி.பி.எஸ். பூஸ்டர்' என்று சில ஆப்கள் கூவி விற்கின்றன. ஆன்டெனாவின் பலத்தை எந்த ஆப்பும் கூட்ட முடியாது. பூஸ்ட் குடிப்பது மேல்.

இவ்வளவும் செய்தால் நீலப் புள்ளி ஒழுங்காக உட்காரும். ஆனால் இத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்பது ஒரு கேள்வி. முன்னால் ரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஜி.பி.எஸ். பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும்தான்.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே மேப் பார்த்துக்கொண்டு போன ஒரு கார், ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் அடித்துப் போயிருந்தது. மேப்பில் மட்டும் பாலம் முழுசாக இருந்தது. ரோட்டில் ஒழுங்கான தடுப்பு இல்லை. அன்று அந்தக் காருக்குள் உலகத்திலேயே உசத்தியான போன் இருந்திருந்தாலும் பாலத்தில் எந்த இடத்தில் கார் இருக்கிறது என்பதைத்தான் துல்லியமாகச் சொல்லியிருக்கும். மேற்கொண்டு பாலம் இல்லை என்று சொல்லியிருக்காது.

அதனால் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. ஒன்று, மூடிய ரோடு, உடைந்த பாலம், புது ஒருவழிப் பாதை எதைப் பார்த்தாலும், வண்டியை ஓரம் கட்டி, மேப்பிலேயே இருக்கிற புகார்ப் பகுதியில் தெரிவித்துவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை. அடுத்து வருகிறவர் உயிராக இருக்கலாம். இரண்டு, ராத்திரி நேரத்தில், தெரியாத ஊரில், எதிரே ஒரு வண்டிகூட வராத ரோட்டுக்குள் அம்மணி திருப்பினால், முக்கிலேயே நிறுத்திவிடுங்கள். டீக்கடை ஏதாவது திறந்திருக்கும். 'இந்த ரோடு போகுமாண்ணே?' என்று கேளுங்கள். மாஸ்டருக்கு நம் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தெரியாது. போன மழையில் பாலம் போனது தெரியும்.