வசந்த காலத்தில் பார்ன்ஸ் ஈரநிலம்: காணக்கூடியவையும் கவனிக்க வேண்டியவையும்

தேம்ஸ் நதி தென்மேற்கு இலண்டனில் பெரிய வளைவொன்றாகத் திரும்பும் இடத்தில், பார்ன்ஸ் பகுதியில் அமைந்துள்ளது இலண்டன் ஈரநில மையம். டூட்டிங், மிச்சம், நியூ மோல்டன், டொல்வர்த் போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அரை நாளில் சென்று திரும்பக்கூடிய தூரத்திலேயே இது இருக்கின்றது. இருப்பினும், பாடசாலைச் சுற்றுலாவில் ஒரு முறை சென்று வந்த பிள்ளைகளைத் தவிர, நம்மவரிற் பலர் இதன் வாயிலைக் கண்டதில்லை. பங்குனி நடுப்பகுதியிலிருந்து ஆனித் தொடக்கம் வரையான மூன்று மாதங்களே இங்கு செல்வதற்கு மிகச் சிறந்த காலம். அக்காலத்தில் அங்கு என்ன நிகழ்கின்றது, எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

இன்று நாணலும் நீருமாகத் தோன்றும் இந்நிலம் இயற்கையாக உருவானதன்று. விக்டோரியா காலத்தில் இலண்டனின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட நான்கு கொங்கிறீற் நீர்த்தேக்கங்கள் இங்கு இருந்தன. நகரைச் சுற்றி நிலத்தடியில் பெருங்குழாய் வழி அமைக்கப்பட்ட பின்னர் அவற்றின் தேவை அற்றுப்போயிற்று. சேர் பீற்றர் ஸ்கொற் 1946 ஆம் ஆண்டு ஸ்லிம்பிரிஜ் என்னுமிடத்தில் நிறுவிய ஈரநில அறக்கட்டளை, நீர் வழங்கும் நிறுவனத்துடனும் கட்டட நிறுவனம் ஒன்றுடனும் இணைந்து இத்தேக்கங்களை மாற்றியமைத்தது. கொங்கிறீற் உடைக்கப்பட்டது, மண் மேடுகளும் ஆழமற்ற குளங்களும் உருவாக்கப்பட்டன. 3 இலட்சம் அளவிலான நீர்த்தாவரங்களும் 27,000 அளவிலான மரங்களும் நடப்பட்டன. 40 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்புடைய இம்மையம் 2000 ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2002 இல், சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த நிலமாக அது சட்டப்படி அறிவிக்கப்பட்டது. மாநகரம் ஒன்றின் நடுவே, கைவிடப்பட்ட தொட்டிகளிலிருந்து இத்தகைய நிலத்தை உண்டாக்க முடிந்தமை சிறிய செய்தியன்று.

ஆட்காட்டியும் அதன் முட்டையும்

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்தவர்களுக்கு ஆட்காட்டிப் பறவையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. திறந்த வெளியில், வெறும் நிலத்தில் முட்டையிட்டு, யாரேனும் நெருங்கினால் தலைக்கு மேல் பறந்து கூக்குரலிடும் அப்பறவையின் நெருங்கிய உறவினம் ஒன்று பார்ன்ஸில் கூடு கட்டுகின்றது. ஊரிலுள்ள ஆட்காட்டிக்குக் கண்ணருகே சிவந்த தசை மடல் உண்டு. இங்குள்ளதற்கு அது இல்லை. அதற்குப் பதிலாகத் தலையின் பின்புறம் மேல்நோக்கி வளைந்த மெல்லிய கொண்டை இருக்கின்றது. முதுகு தொலைவிற் கறுப்பாகத் தெரியும்; வெயில் பட்டால் பச்சையும் ஊதாவுமாக மின்னும். பங்குனி, சித்திரை மாதங்களில் ஆண் பறவை வானில் உயர்ந்து, கீழே விழுவது போலப் புரண்டு, 'பீ-விற்' என்று ஒலியெழுப்பும். அதனைக் காண்பதற்காகவே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

ஆட்காட்டி பொதுவாக நான்கு முட்டைகள் இடும். அவை பொரிப்பதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் செல்லும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே நடந்து சென்று தாமாக இரை தேடும். ஈரச் சேற்றிலுள்ள சிறு பூச்சிகளே அவற்றின் உணவு. சேறு காய்ந்தால் குஞ்சு பட்டினி கிடக்கும். புல் உயரமாக வளர்ந்தால் தாய்ப்பறவையால் நரியையும் காகத்தையும் முன்கூட்டியே காண முடியாது. இதனாலேயே மையத்தின் பணியாளர்கள் மதகுகள் மூலம் நீர்மட்டத்தைக் கூட்டியும் குறைத்தும், கால்நடைகளை மேய விட்டும் நிலத்தைப் பேணுகின்றனர். வருகையாளருக்கு வெறும் சேற்றுத் திடலாகத் தெரிவது, பல மாத உழைப்பினால் அந்நிலையில் வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைப்பேற்று விடுதி எனலாம்.

பிரித்தானியாவில் இப்பறவையின் தொகை பெரிதும் குறைந்துள்ளது. ஈரப் புல்வெளிகள் வடிகாலிடப்பட்டமையும் வேளாண்மை முறைகள் மாறியமையும் முக்கிய காரணங்கள். 2009 முதல் அது மிகுந்த கவனத்துக்குரிய பறவைகளின் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே பார்வைக் குடில்களில் அமைதி காக்குமாறு கேட்கப்படுவது வெறும் ஒழுங்கு விதியன்று. சத்தத்துக்கு அஞ்சித் தாய்ப்பறவை எழுந்து பறந்தால், அது திரும்புவதற்குள் காகம் ஒன்று முட்டைகளைக் கொண்டு சென்றுவிடக்கூடும்.

இதே சேற்றுத் திடல்களில் பவளக்காலியையும் சிறிய பட்டாணி உப்புக்கொத்தியையும் தேடிப் பார்க்கலாம். பவளக்காலி, பெயருக்கேற்பச் சிவந்த கால்களையுடையது. குளிர்காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் காணப்படும் அதே இனந்தான். ஆனால் பிரித்தானியாவில் குஞ்சு பொரிப்பவை இலங்கைக்குச் செல்பவை அல்ல. உப்புக்கொத்தி சிட்டுக்குருவியிலும் சற்றே பெரியது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் உண்டு. பிரித்தானியாவில் இது முதன்முதலாகக் கூடு கட்டியது 1938 இல், அதுவும் ஒரு நீர்த்தேக்கத்திலேயே. மனிதர் தோண்டிய குழிகளையும் தேக்கங்களையும் தனக்கு வாய்ப்பாக்கிக் கொண்ட பறவை இது.

ஆபிரிக்காவிலிருந்து வருவோர்

பங்குனி நடுப்பகுதியில் மணற்றகைவிலான்கள் வந்து சேரும். ஒரு பறவையின் எடை ஏறத்தாழ 14 கிராம் மட்டுமே. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள சாகெல் பகுதியில் குளிர்காலத்தைக் கழித்து, பாலைவனத்தையும் கடலையும் கடந்து இவை வருகின்றன. ஆற்றங்கரையின் செங்குத்தான மணற்சுவரில் வளை தோண்டிக் கூடு கட்டுவது இவற்றின் வழக்கம். பார்ன்ஸில் இவற்றுக்கெனத் துளைகள் கொண்ட செயற்கைச் சுவர் ஒன்று கட்டப்பட்டுள்ளது. வைகாசி மாதத்தில் அச்சுவரின் முன் சிறிது நேரம் நின்றால், பெற்றோர் பறவைகள் பூச்சிகளுடன் துளைகளுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் இடைவிடாது நிகழக் காணலாம்.

1968, 1969 ஆண்டுகளில் சாகெல் பகுதியில் கடும் வறட்சி ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து பிரித்தானியாவுக்குத் திரும்பி வந்த மணற்றகைவிலான்களின் தொகை சடுதியாக வீழ்ந்தது. இங்கு எத்துணை நன்றாகச் சுவர் கட்டினாலும், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மழை பொய்த்தால் அச்சுவர் வெறுமையாகவே இருக்கும் என்பதை ஆய்வாளர்கள் அப்போது கண்டனர்.

சித்திரை நடுப்பகுதியில் நாணற் கதிர்க்குருவிகள் வரும். அவற்றைக் காண்பது கடினம், கேட்பது எளிது. நாணலுக்குள்ளிருந்து ஓயாத முணுமுணுப்புப் போல அவற்றின் பாடல் வரும். பெருங்குளத்தில் கொண்டை முக்குளிப்பான் இணைகள் நேருக்கு நேர் நின்று தலையசைத்து, நீர்ப்பாசியை அலகிற் கவ்வி, மார்போடு மார்பு உயர்ந்து ஆடும் ஆட்டத்தையும் தவறவிடலாகாது. பெண்களின் தொப்பிகளுக்கும் உடைகளுக்கும் இறகு வேண்டி வேட்டையாடப்பட்டமையால், 1860 அளவில் பிரித்தானியாவில் இப்பறவையின் நாற்பதுக்கும் குறைவான இணைகளே எஞ்சியிருந்தன. இன்று இலண்டன் பூங்காக்களிலும் இதனைக் காண முடிவதற்கு, அக்கொடுமைக்கு எதிராக எழுந்த பெண்களின் இயக்கமும் பின்னர் வந்த சட்டங்களுமே காரணம்.

தாயகத்திலும் காணக்கூடிய பறவைகள் சிலவற்றை மூத்தோர் உடனே அடையாளம் காண்பர்: மீன்கொத்தி, சாம்பல் நாரை, சின்னக் கொக்கு, நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த நாமக்கோழி, சிவந்த அலகுடைய தாழைக்கோழி. இவை உறவினங்கள் அல்ல, அதே இனங்களே. பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பெயரைச் சொல்ல, அம்மம்மாவோ அப்பப்பாவோ தமிழ்ப் பெயரைச் சொல்ல ஒரு நடை இனிதே கழியும். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் வகுப்பறைக்கு வெளியே ஒரு பாடம் நடத்த விரும்பினால், இதனிலும் பொருத்தமான இடம் அரிது. குழுவாகச் செல்வோர் மையத்துடன் முன்கூட்டியே தொடர்புகொண்டு பதிவு செய்தல் வேண்டும்.

மையத்தின் ஒரு பகுதியில் உலகின் பல நாடுகளைச் சேர்ந்த வாத்துகளும் தாராக்களும் அடைப்புகளுக்குள் வளர்க்கப்படுகின்றன என்பதையும் அறிந்து செல்வது நன்று. அவற்றைக் காட்டுப் பறவைகள் என எண்ணிக் குறிப்பெடுத்துக் குழம்பிய புதியவர்கள் உண்டு.

குளத்தில் வலையிட்டுப் பார்த்தல்

சிறுவர்களுக்கான செயற்பாடுகளிற் குளத்தில் வலையிட்டுப் பார்ப்பதே முதன்மையானது. வெள்ளைத் தட்டு ஒன்றில் முதலிற் குளத்து நீரை ஊற்ற வேண்டும். பின்னர் சிறிய கைவலையை நீருக்குள் எட்டு என்ற எண்ணின் வடிவில் மெதுவாக அசைத்து, தட்டில் கவிழ்க்க வேண்டும். அடியிலுள்ள சேற்றைக் கிளறினால் எதுவும் தெரியாது. நீர்த்தாவரங்களின் ஓரமே உயிர்கள் நிறைந்த இடம். தும்பியின் இளம்பருவம், மல்லாந்து நீந்தும் பூச்சிகள், நத்தைகள், வாற்பேத்தைகள் ஆகியவற்றுடன், பல்லி போன்ற உடலுடைய நியூற் என்னும் நீர்வாழ் உயிரியும் சில வேளைகளில் அகப்படும். தும்பியின் இளம்பருவம் வாற்பேத்தையைப் பிடித்துத் தின்பதைக் கண்டு சில பிள்ளைகள் கலங்குவர். வேறு சிலர் வீட்டுக்குச் செல்ல மறுப்பர்.

பார்த்து முடிந்ததும் எல்லாவற்றையும் அதே குளத்தில் விடுதல் வேண்டும். வாற்பேத்தைகளையோ தவளை முட்டைகளையோ போத்தலில் இட்டு வீட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. ஒரு குளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது தவளைகளைக் கொல்லும் நோய்கள் பரவுகின்றன. கையில் வெட்டுக்காயம் இருப்பின் நீர்புகாத பிளாஸ்ரரால் மூடி, செயற்பாடு முடிந்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே எதையும் உண்ணலாம்.

தவளைகளை வீட்டிலேயே காண விரும்புவோருக்கு எளிய வழியொன்று உண்டு. தோட்டத்தில் பழைய பாத்திரம் கழுவும் தொட்டியொன்றைப் புதைத்து, மழைநீர் நிரப்பி, உயிர்கள் ஏறி வெளியேறக் கற்களை அடுக்கினால் போதும். அவை தாமாகவே வந்து சேரும். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் தொட்டிக்கு மேல் உறுதியான கம்பி வலை இடுவது கட்டாயம்.

நீரோடைகளின் ஓரத்தில் பொறுமையாக நிற்போருக்கு 'பொளக்' என்று ஏதோ நீரில் விழும் ஒலி கேட்கக்கூடும். அது நீரெலியாக இருக்கலாம். வட்ட முகமும் சிறு காதும் உடைய இப்பிராணி வீட்டெலியன்று. பிரித்தானியாவின் பெரும்பாலான ஓடைகளிலிருந்து மறைந்துவிட்ட இது, 2001 இல் பார்ன்ஸில் மீண்டும் குடியேற்றப்பட்டது. சாய்வாகக் கடித்து வெட்டப்பட்ட தண்டுகள் கரையிற் குவிந்திருப்பது அதன் அடையாளம்.

செல்வதற்கு முன்

காட்டுப் பறவைகளையும், அவை பயன்படுத்தும் கூடுகளையும் முட்டைகளையும் 1981 ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் பாதுகாக்கின்றது. மையத்துக்குள் மட்டுமன்றி வீட்டுத் தோட்டத்திலும் இச்சட்டம் செல்லும். வேலிச் செடிகளை வசந்த காலத்தில் வெட்டுமுன் உள்ளே கூடு உள்ளதா எனப் பார்த்தல் அவசியம். பறக்கத் தெரியாத குஞ்சு தரையில் இருக்கக் கண்டால், பெரும்பாலும் அது கைவிடப்பட்டதன்று. பெற்றோர் அருகிலேயே இருக்கும். வீதியிலோ பூனைக்கு எதிரிலோ இருந்தாலன்றி எடுக்க வேண்டாம். இறந்த பறவைகளைப் பறவைக் காய்ச்சல் அபாயம் கருதித் தொடாது, பணியாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வாத்துகளுக்குப் பாண் போடும் பழக்கம் நல்லெண்ணத்தில் எழுந்தது. ஆனால் அது அவற்றின் வயிற்றை ஊட்டமின்றி நிரப்புகின்றது, எஞ்சியது நீரைக் கெடுக்கின்றது. வீட்டுச் சோற்றுக்கும் இது பொருந்தும். உதவி நாய்கள் தவிர ஏனைய நாய்களுக்கு அனுமதியில்லை.

வசந்த காலத்து வெயிலை நம்பலாகாது. திறந்த நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசுவதால், நகரைவிட இங்கு குளிர் மிகுதி. மேலங்கி ஒன்று எப்போதும் வேண்டும். எட்டு மடங்கு உருப்பெருக்கமுள்ள இருகண் தொலைநோக்கி போதுமானது. அதற்கு மேற்பட்டவை கையில் நடுங்கும். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தை எடுத்துச் செல்லவும். பாதைகள் பெரும்பாலும் சமதளமானவை. சக்கர நாற்காலியிலும் குழந்தை வண்டியிலும் செல்ல இயலும். மூன்று தளங்களைக் கொண்ட பீகொக் கோபுரத்தில் மின்தூக்கி இருப்பதால், படியேற முடியாத முதியோரும் மேலிருந்து முழு ஈரநிலத்தையும் காணலாம். ஆட்காட்டிகளைப் பார்ப்பதற்கும் அதுவே நல்ல இடம்.

நுழைவுக் கட்டணம் உண்டு. சலுகைகள், பராமரிப்பாளருக்கான ஏற்பாடுகள், அன்றைய செயற்பாடுகளின் நேரங்கள் ஆகியவற்றைப் புறப்படுமுன் மையத்திடம் கேட்டறியவும். தொடருந்தில் வருவோர் கிளப்பம் ஜங்சன், வாண்ட்ஸ்வர்த் ரவுன் அல்லது பட்னியிலிருந்து பார்ன்ஸ் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து நடந்து செல்லலாம். ஹமர்ஸ்மித் பாலம் 2019 சித்திரை முதல் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டுள்ளதால், வட கரையிலிருந்து வருவோர் பழைய பேருந்து வழிகளை நம்பாது, பயணத் திட்டத்தை அன்றே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.