இன்ஷூரன்ஸ் தேடுவோரும் இணையதளக் கண்காணிப்பும்

கடைத்தெருவில் நூல் விலை விசாரிப்பவரின் பெயரைக் கடைக்காரர் குறித்துக்கொள்வதில்லை. இணையதளத்தில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் விசாரிப்பவரின் நிலை வேறு. 1994-ல் தோன்றிய ‘குக்கி’ என்னும் அடையாளக் குறிப்பை அத்தளம் அவருடைய கணினியில் பதிக்கிறது. விளம்பர நிறுவனங்களின் குக்கிகளும் உடன் சேர்வதுண்டு. அவற்றின் வாயிலாக, பல தளங்களில் அவர் பார்த்தவை ஒன்றுதிரட்டப்படும். நோயைப் பற்றித் தேடியதும் அதில் அடங்கலாம்.

இத்தகைய திரட்டலுக்கு அணையிட, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2018-ல் சட்டம் இயற்றி, 2020 ஜனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. சில விலக்குகள் நீங்கலாக, பெரிய நிறுவனங்கள் திரட்டிய விவரங்களைக் கேட்டறியவும், அழிக்கச் சொல்லவும், விற்கலாகாதெனத் தடுக்கவும் அம்மாநிலத்தார் உரிமை பெற்றனர்.

குக்கிகளை நம் கணினியிலிருந்து நாமே அழிக்கவும் இயலும். விலை விசாரிக்கும்போதே தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடாமல், ‘ஏற்கிறேன்’ என்பதையும் படித்தறிந்த பின்னரே அழுத்துவோமாக.